ஊருக்குள்ளா, சின்னாளபட்டியா?

திண்டுக்கல்லுக்கு மாறுதலாகி வருகிறவர்கள் வீடு தேடத் தொடங்கியதுமே இரண்டு யோசனைகள் காதில் விழும். "டவுனுக்குள்ளேயே பாருங்க சார், எல்லாமே பக்கத்துல இருக்கு" என்பார் ஒருவர். "சின்னாளபட்டிப் பக்கம் போயிருங்க, வாடகையும் கம்மி, இடமும் அமைதி" என்பார் இன்னொருவர். இருவருமே அவரவர் வாழ்ந்து பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். ஆனால் கேட்டுக்கொள்கிறவர் பெரும்பாலும் வேலைக்குப் போகிறவராக இருக்கிறார். தன் ஆபீசுக்கு எது பக்கம் என்று பார்த்து அட்வான்ஸைக் கொடுத்துவிடுகிறார். காலையில் கிளம்பி இரவு திரும்பும் அவர் அந்த வீட்டில் விழித்திருக்கும் நேரம் மிகக் குறைவு. பகலெல்லாம் அங்கே இருக்கப்போவது அவருடைய அம்மா, கைக்குழந்தையோடு இருக்கும் மனைவி, நான்கு மணிக்குப் பள்ளி விட்டு வரும் மகள். வீட்டில் அதிக நேரம் இருக்கப்போவது யாரோ, அவருடைய நாளை வைத்துத்தான் வீடு பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இந்த இரண்டு இடங்களையும் அந்தக் கண்ணோட்டத்தில்தான் ஒப்பிடுகிறேன்.

திண்டுக்கல், வெளியிலிருந்து வந்தவர்களால் வளர்ந்த ஊர். 1605-ல் முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் காலத்தில் பாறைமேல் கோட்டை எழுந்தது. 1755-ல் மைசூர் அரசின் பவுஜ்தாராக ஹைதர் அலி இங்கே வந்தார். கணவரைப் பறிகொடுத்த வேலு நாச்சியார் சிவகங்கையை விட்டு வந்து, ஹைதர் அலியின் துணையோடு இந்தச் சீமையின் விருப்பாட்சியில்தான் தங்கிப் படை திரட்டினார். 1790-ல் கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1866-ல் நகராட்சி, 2014-ல் மாநகராட்சி. நடுவே 1985 செப்டம்பர் 15-ல் மதுரையிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானதுதான் வீடு தேடுகிறவர்களைப் பொறுத்தவரை முக்கியமான தேதி. அன்றிலிருந்து மாறுதலில் வரும் அரசு ஊழியர்களின் வரத்து நின்றதே இல்லை. 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் முறைப்படி திறக்கப்பட்டபின் டாக்டர்களும் நர்சுகளும் மாணவர்களும் அந்த வரிசையில் சேர்ந்துகொண்டார்கள். 2011 கணக்கெடுப்பில் ஊரின் மக்கள்தொகை 2,07,000-ஐத் தாண்டியிருந்தது.

சின்னாளபட்டி தெற்கே, மதுரை போகும் சாலையில் சுமார் 11 கிலோமீட்டரில், சிறுமலையின் மேற்கு அடிவாரத்தில் இருக்கும் பேரூராட்சி. தறியால் பிழைத்த ஊர். சின்னாளபட்டிப் புடவை என்றால் நம் பாட்டிமார் தலைமுறைக்கு விளக்கம் தேவையில்லை. சுங்குடிக்கும் பேர் போனது. அதை ஒட்டித்தான் 1947-ல் டாக்டர் சவுந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். 1956-ல் அங்கே கிராமிய உயர்கல்வி நிறுவனம் வந்தது. 1976-ல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. நெசவாளர் தெருக்களுக்குப் பக்கத்தில் பேராசிரியர்களும் வெளிமாநில மாணவர்களும் குடியிருக்கும் வினோதமான சேர்க்கை அந்த ஊருக்கு அப்படித்தான் வாய்த்தது.

வாடகையைப் பற்றிப் பேசுமுன் தண்ணீரைப் பேச வேண்டும். இந்தச் சமவெளியில் வீட்டின் குணத்தைத் தீர்மானிப்பது அதுதான்.

திண்டுக்கல்லின் தோல் தொழில் பழையது. மதுரை ரோடு, வத்தலக்குண்டு ரோடு, பொன்மாந்துறைப் பக்கம் என்று நகரைச் சுற்றித் தோல் பதனிடும் ஆலைகள், ஊர்ப் பேச்சில் தோல் ஷாப்புகள், இயங்கின. தோல் கெடாமலிருக்க உப்புப் போட்டுத்தான் கொண்டுவருவார்கள். முதல் வேலையாக அதை ஊறவைத்து அலசும்போது அந்த உப்பு முழுவதும் தண்ணீரோடு வெளியேறும். அது ஓடையில் இறங்கி, குளத்தில் தேங்கி, நிலத்துக்குள் போய்க் கிணற்றில் வந்து நிற்கும். தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தினர் குடகனாறு மேல்வடிநிலத்தில் நிலத்தடி நீரைச் சோதித்து வெளியிட்ட கட்டுரைகளில், தோல் ஷாப்புகள் திரண்ட பகுதிகளில் சோடியமும் குளோரைடும் மிக உயர்ந்திருப்பது பதிவாகியிருக்கிறது. 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் அளித்த தீர்ப்பு, திண்டுக்கல் மாவட்டத் தோல் ஆலைகளையும் பெயர் சொல்லிச் சேர்த்து, பொதுச் சுத்திகரிப்பு நிலையமோ தனிச் சுத்திகரிப்பு நிலையமோ அமைத்தே ஆக வேண்டும் என்றது. சுத்திகரிப்பு நிலையம் வந்தது. ஆனால் பல பத்தாண்டுகளாக மண்ணுக்குள் இறங்கிய உப்பு தீர்ப்பைக் கேட்டு வெளியேறிவிடாது. அதனால்தான் ஊரில் ஒரே ரோட்டின் இரண்டு பக்கத்தில் உள்ள இரண்டு போர்வெல்களில் தண்ணீர் வேறு வேறாக இருக்கிறது.

குடிக்கிற தண்ணீர் குழாயில் வருகிறது: ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கம், வைகையின் பேரணை, காவிரிக் கூட்டுக் குடிநீர் என்று. ஆத்தூர் தண்ணீர் சின்னாளபட்டிக்கும் போகிறது. ஆகவே நல்ல தண்ணீரில் இரண்டு இடங்களுக்கும் ஒரே கவலைதான்: மழை பொய்த்து ஆத்தூர் வற்றினால் இரண்டு ஊரிலும் குடம் வரிசையில் நிற்கும். வித்தியாசம் புழங்குகிற தண்ணீரில்தான் இருக்கிறது. துணி துவைக்க, குளிக்க, பாத்திரம் கழுவ எல்லாம் போர் தண்ணீர். நகரின் பல பகுதிகளில் அது கடும் உப்பு. சின்னாளபட்டியில், சிறுமலை அடிவாரம் என்பதால், நல்ல கிணறு அமைந்த தெருக்கள் உண்டு. ஆனால் அங்கேயும் சாயத் தொழில் நடந்த ஊர் என்பதை மறக்கக்கூடாது. வீட்டுக்கு மேற்பக்கத்தில் சாயப்பட்டறை இருக்கிறதா, முன்பு இருந்ததா என்று விசாரித்துக்கொள்வது நல்லது.

தண்ணீர் உப்பா என்று கண்டுபிடிக்க நிபுணர் வேண்டாம். வீடு பார்க்கப் போனால் ஹாலைப் பார்த்துவிட்டு வராமல் பாத்ரூமுக்குப் போய்க் குழாயின் மூக்கைப் பாருங்கள். உப்புத் தண்ணீர் என்றால் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருக்கும். விரல் நகத்தால் சுரண்டினால் சுண்ணாம்பு மாதிரி உதிரும். ஷவரின் பாதித் துளைகள் அடைந்திருக்கும். சுவர்க் கல்லில் இடுப்பு உயரம் வரை சாம்பல் படலம் இருக்கும். வீட்டுக்காரர் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தாலும் இந்தப் படலம் போயிருக்காது. கையில் கொஞ்சம் சோப்புத் தேய்த்துப் பாருங்கள், நுரை வருகிறதா என்று. அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, தலைமுடி சிக்குப் பிடிக்கும், வெள்ளைச் சட்டை ஆறு மாதத்தில் பழுத்துவிடும். கரைந்த உப்பை அளக்கும் பேனா போன்ற மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை. புழங்கும் தண்ணீரில் அந்த இரண்டாயிரத்தையும் மீட்டர் தாண்டினால் வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த வீட்டை நான் எடுக்க மாட்டேன். அந்தத் தண்ணீரோடு நாள் முழுக்கப் போராடப்போவது வாடகை பேசியவர் அல்ல.

இன்னொன்று, குழாய்த் தண்ணீரின் முறை. அதை வீட்டுக்காரரிடம் கேட்டால் "தண்ணிக்குப் பஞ்சமே இல்ல" என்றுதான் சொல்வார். எதிர்வீட்டு வாசலில் கோலத்துக்கு நீர் தெளித்துக்கொண்டிருப்பவரிடம் கேளுங்கள்: "அக்கா, இங்க நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா விடுறாங்க, எத்தனை மணிக்கு?" நாள் இடைவெளியைவிட மணிதான் முக்கியம். நடுராத்திரியில் தண்ணீர் விடுகிற தெருவில், மாடி வீட்டில், தரைத் தொட்டி இல்லாமல் குடியேறினால் வீட்டில் ஒருவர் தூக்கம் கெட்டே தீரும். அது யார் என்று முன்கூட்டியே தெரியும்தானே.

அடுத்தது பயணம். காந்திகிராமத்தில் வேலை என்றால் சின்னாளபட்டியில் நடந்தே போய்விடலாம், யோசிக்க ஒன்றுமில்லை. கலெக்டர் ஆபீஸ் என்றால் கதை வேறு. அது இயங்கும் வேலு நாச்சியார் வளாகம் நகரின் வடபுறம் இருக்கிறது. சின்னாளபட்டியிலிருந்து பஸ் ஏறி, காமராஜர் பேருந்து நிலையத்தில் இறங்கி, இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். பழனி ரோட்டில் இருக்கும் பொறியியல் கல்லூரிகளுக்கும் இதே கதைதான். தினமும் இரண்டு பஸ் மாறுவதை ஆரம்பத்தில் யாரும் பெரிதாக நினைப்பதில்லை. சுவிட்சர்லாந்தின் பொருளாதார அறிஞர்கள் ஸ்டட்ஸரும் ஃப்ரேயும் ஜெர்மானியக் குடும்பங்களின் பல ஆண்டுத் தரவுகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று உண்டு. பயணத்தில் அதிக நேரம் கழிப்பவர்கள், குறைந்த வாடகை, கூடுதல் சம்பளம் என்று எது கிடைத்தாலும், வாழ்க்கையில் குறைந்த நிறைவோடுதான் இருக்கிறார்கள் என்று அதில் தெரியவந்தது. சேமித்த வாடகை பஸ்ஸில் போன மாலைகளை ஈடுகட்டவில்லை. மனிதர்கள் எங்கும் ஒன்றுதான்.

ஆனால் இங்கே பயணக் கணக்கில் ஒரு புதிய வரவு இருக்கிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. சின்னாளபட்டியிலிருந்து திண்டுக்கல் காலேஜுக்குப் போகும் பெண்ணும், ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பெண்ணும், ஆஸ்பத்திரிக்கு மாத்திரை வாங்கப் போகும் பாட்டியும் காசில்லாமல் போய் வருகிறார்கள். இதனால் அந்த 11 கிலோமீட்டர் பெண்களுக்குக் குறைந்துவிட்டது என்றே சொல்வேன். வீடு பார்க்கும்போது பஸ் நிறுத்தத்துக்கு எவ்வளவு தூரம் என்று மட்டும் கவனியுங்கள். நான்குவழிச் சாலையில் பிரிவில் இறங்கி இருட்டில் ஊருக்குள் நடந்து வரவேண்டிய வீடும், டவுன் பஸ் வாசலருகே நிற்கும் வீடும் ஒன்றல்ல.

ரயில் அடிக்கடி பிடிக்கிறவர்களுக்கு நகரம்தான். திண்டுக்கல் சந்திப்பில் மதுரை, திருச்சி, கரூர், பழனி என்று நான்கு பக்கமும் தடம் பிரிகிறது. சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் உள்ள அம்பாத்துரை நிலையத்தில் பாசஞ்சர் ரயில்தான் நிற்கும். மார்க்கெட், ஜவுளி, வங்கி இவற்றிலும் நகரத்தின் கை ஓங்கியிருக்கிறது. இது எல்லோருக்கும் தெரிந்ததே.

மருத்துவத்தில் நிலைமை அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. மாரடைப்பு, பக்கவாதம், டயாலிசிஸ் போன்றவற்றுக்கு நகரமே. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் தனியார் ஆஸ்பத்திரிகளும் அங்கேதான் இருக்கின்றன. இருதய நோய் உள்ள பெரியவரை வைத்துக்கொண்டு, அமைதியான இடம் என்று சின்னாளபட்டிக்குப் போவதை நான் ஆதரிக்க மாட்டேன். ஆனால் பிரசவத்துக்கும் தாய் சேய் நலத்துக்கும் காந்திகிராமத்தின் கஸ்தூரிபா மருத்துவமனைக்கு இந்த மாவட்டம் முழுவதும் நல்ல பெயர். டாக்டர் சவுந்தரம் சிறிய அளவில் தொடங்கியது. இன்றும் கிராமத்துப் பெண்கள் நம்பி வருகிறார்கள். முதல் குழந்தையை எதிர்பார்த்திருக்கும் இளம் தம்பதிக்கு அது பக்கத்தில் இருப்பது பெரிய தைரியம்.

பள்ளியிலும் வயதுக்கு ஏற்றபடி கணக்கு மாறும். சின்ன வகுப்புகளுக்கு, காந்திகிராமத்தின் தம்பித்தோட்டம் பள்ளியும் ஊருக்குள் இருக்கும் பள்ளிகளும் போதும்; பிள்ளை நடந்தோ சைக்கிளிலோ போய் வரலாம். பத்து வயதுப் பிள்ளை யார் துணையும் இல்லாமல் தெருவில் நடந்து பள்ளிக்குப் போக முடிகிற ஊர் இப்போது அபூர்வம். அதை நான் மிகவும் மதிக்கிறேன். பிளஸ் டூ வந்துவிட்டால் டியூஷன், கோச்சிங் என்று மாலையெல்லாம் நகரத்திலேயே கழியும். இரவு எட்டரைக்கு டியூஷன் முடிந்து பெண் பிள்ளை பஸ் ஸ்டாண்டில் காத்திருக்க வேண்டுமா என்று கேட்டால், அந்த இரண்டு வருடத்துக்கு நகரத்துக்கு வந்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

தெருவின் சுபாவத்தையும் பார்க்க வேண்டும். நாகல் நகர், நல்லாம்பட்டிப் பக்கம் போனால் பூட்டுப் பட்டறைகளில் அரத்தின் சத்தம் கேட்கும். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு இப்படி வீட்டை ஒட்டிய சின்னப் பட்டறைகளில் கையால் உருவாவதுதான். பேகம்பூரில் ஐந்து வேளையும் பாங்கு ஒலிக்கும். கோட்டை மாரியம்மன் கோயிலைச் சுற்றி வீடு எடுத்தால் மாசித் திருவிழாவில் தெருவே உங்களுடையதாக இருக்காது. பூச்சொரிதலையும் கூட்டத்தையும் விரும்புகிறவர்களுக்கு அதுவே பாக்கியம். ஆர்.எம். காலனி, கோவிந்தாபுரம் போன்ற பகுதிகளில் காம்பவுண்டு வீடுகளும் தனி வீடுகளும் கலந்து கிடக்கும். காம்பவுண்டு வீடு என்றால் ஒரே சுற்றுச்சுவருக்குள் நாலைந்து குடித்தனங்கள், பொதுவாக ஒரு போர், ஒரு துவைக்கிற கல். தனியாகப் பகலைக் கழிக்கும் பெரியவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை; கூப்பிட்ட குரலுக்கு ஆள் இருக்கும். சின்னாளபட்டியின் நெசவுத் தெருக்களில் தறிச் சத்தம் குறைந்துவிட்டது. கைத்தறி நலிந்து பலர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். ஆனாலும் ஒருவரை ஒருவர் தெரிந்த தெருக்கள் அவை. புதிதாக வந்தவரை ஒரு வாரத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

அந்தத் தெரிதலுக்கு இன்னொரு முகம் உண்டு. "நீங்க என்ன ஆளுக?" என்ற கேள்வி, வாடகை பேசுமுன்பே வந்துவிடும். சில நேரம் "சைவமா?" என்று சுற்றி வளைத்து வரும். பதிலைக் கேட்டுவிட்டு "நேத்துத்தான் வேறொருத்தருக்குச் சொல்லிட்டோம்" என்று கதவைச் சாத்துகிறார்கள். படித்து, அரசு வேலை வாங்கி, மாறுதல் உத்தரவோடு வருகிற தலித் குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்களும் வீட்டுக்காக அலையும் அலைச்சல் மற்றவர்களுக்குத் தெரிவதே இல்லை. ஒரே சமூகத்தார் தலைமுறையாக வாழும் தெருக்களில் இந்தக் கேள்வி நேரடியாக வரும். மாறுதலில் வந்தவர்களே குடியிருக்கும் புதுக் காலனிகளில் சற்றுக் குறைவு. இல்லவே இல்லை என்று சொல்லமாட்டேன். காற்றையும் தண்ணீரையும் ஒப்பிடுகிறவர்கள் இதை விட்டுவிட்டால் ஒப்பீடு அரைகுறைதான். எல்லோருக்கும் திறக்காத தெருவை நான் நல்ல தெரு என்று எழுத மாட்டேன்.

பணம் பற்றி. இந்த வட்டாரத்தில் வாடகையோடு ஒத்தியும் வழக்கம். பெரிய தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, வாடகை இல்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது தொகையைத் திரும்ப வாங்கிக்கொள்வது. சின்னாளபட்டியில் சிறிய தொகைக்கு ஒத்தி வீடு கிடைக்க வாய்ப்பு அதிகம் என்பதால் பலர் ஆசைப்படுகிறார்கள். சேமிப்பு முழுவதையும் கொட்டுமுன் சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். சொத்து மாற்றுச் சட்டத்தின் 59-ஆம் பிரிவுப்படி, 100 ரூபாயும் அதற்கு மேலுமான ஒத்தி போன்ற அடமானம் இரண்டு சாட்சிகளோடு எழுதிப் பதிவு செய்யப்பட வேண்டும். ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி நோட்டரி முத்திரை வாங்கியது மட்டும் உங்களைக் காப்பாற்றாது. அந்த வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருக்கிறதா என்று வில்லங்கம் போட்டுப் பாருங்கள். பதிவுத் துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம். வாடகை வீடென்றால் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தையும் வாடகை அதிகாரியிடம் பதிவையும் கட்டாயமாக்கியிருக்கிறது. வேறு ஒப்பந்தம் இல்லாதபோது முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது என்றும் சொல்கிறது. கேட்க வெட்கப்பட வேண்டாம்.

என்னைக் கேட்டால், சின்னக் குழந்தைகள் இருக்கும் குடும்பத்துக்கு, வேலை காந்திகிராமத்திலோ நகரின் தென்பகுதியிலோ இருந்தால், சின்னாளபட்டி. நோயாளிப் பெரியவரோ பிளஸ் டூ பிள்ளையோ இருந்தால், வேலை எங்கே இருந்தாலும், நகரம். அதிலும் ஒரு நல்ல காம்பவுண்டு வீடு. தனியாக வரும் இளைஞருக்கு எங்கேயானாலும் ஒன்றுதான், அவர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ரூம் எடுத்துக்கொள்ளட்டும். வேலை கலெக்டர் ஆபீஸில், குழந்தைக்கு மூன்று வயது என்ற குடும்பம்தான் உண்மையிலேயே திண்டாடும். அவர்களுக்கு நான் சொல்வது, இரண்டு பஸ் ஏறுவதை வேலைக்குப் போகிறவர் ஏற்றுக்கொள்ளட்டும், ஒரு வருடம் சின்னாளபட்டியில் இருந்து பாருங்கள் என்பதே. மாலைகளை அவர் இழப்பார். ஆனால் உப்புத் தண்ணீரை நாள் முழுக்க இன்னொருவர் சுமக்கமாட்டார். அந்த வருடத்தில் இழப்பு தாங்காது என்று தெரிந்தால், வாடகை வீடுதானே, மாறிக்கொள்ளலாம்.

மாறுதலில் வந்தவர்களில் பலர் இரண்டு மூன்று வருடத்தில் இங்கேயே மனை வாங்க நினைக்கிறார்கள். நகரத்துக்கும் சின்னாளபட்டிக்கும் நடுவே சாலையோரம் கொடி நட்டு, கல் ஊன்றிய மனைகள் வரிசையாக இருக்கின்றன. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பதிவுக்குத் தடை விதித்தபோது, சேமிப்பை எல்லாம் போட்டவர்கள் தமிழ்நாடெங்கும் தவித்தார்கள். பிறகு வரன்முறைத் திட்டம் வந்தாலும் நகர் ஊரமைப்பு அங்கீகார எண்ணைப் பார்க்காமல் முன்பணம் கொடுப்பது ஆபத்து. கிராமக் கணக்கில் அந்த இடம் முன்பு என்னவாக இருந்தது, குளத்தின் நீர்ப்பிடிப்பா, வாய்க்கால் புறம்போக்கா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் ஒரு பாட்டில் தண்ணீர் மொண்டு சோதனைக்குக் கொடுங்கள். புரோக்கர் கூப்பிடும் வெயில் நாளில் போகாமல், ஐப்பசியில் ஒரு நல்ல மழை பெய்த மறுநாள் காலையில், வீட்டில் உள்ள எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய் அந்த மனையில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.